வெயிலில் தெரியாத தீ

பிள்ளைகளா, போன வாரம் நான் கடையிலிருந்து கொண்டுவந்த சின்ன பாட்டிலைத் திறந்து, ரெண்டு பேரும் உள்ளங்கையில் ஊற்றி, ஐஸ் மாதிரி இருக்கு என்று விளையாடிக்கொண்டிருந்தீர்கள். நான் பிடுங்கி வைத்துவிட்டு ஓர் அதட்டல் போட்டேன். சின்னவள் முகம் சுருங்கிப்போயிற்று. அதட்டினால் போதாது, காரணம் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் பாதியில் டி.வி. பக்கம் ஓடிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

அந்த பாட்டிலில் இருப்பதற்கு ஐ.பி.ஏ. என்று பெயர், ஒருவகை ஆல்கஹால். தில்லை நகர் கடையில், தண்ணீரில் விழுந்த செல்போன் வந்தால் அதன் போர்டை இதில் நனைத்த பிரஷ்ஷால்தான் துடைப்பேன். பிசுக்கைக் கரைக்கும், உடனே காய்ந்துவிடும். காயும்போது உங்கள் கைச்சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது, அதுதான் அந்த ஐஸ். ஆனால் காய்ந்தது என்றால் ஒழிந்தது என்று அர்த்தமில்லை. அதன் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழும். எங்கேயாவது ஒரு விளக்கோ அடுப்போ எரிந்தால் அங்கே பற்றிக்கொண்டு, வந்த வழியே பாட்டிலுக்குத் திரும்பி வரும். இதற்கு அண்ணன் தம்பிகள் உண்டு. அதில் ஒருவன் ஸ்பிரிட். அவன் எங்கள் வீட்டில் செய்த காரியத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். ஸ்ரீரங்கத்தில், மதில்களுக்கு வெளியே கொள்ளிடம் பக்கத்துத் தெருவில் இருந்தோம். ஊர் முழுக்கப் பெருமாள் என்றாலும் எங்கள் தெருவுக்கு மாரியம்மன்தான். என் அப்பா வாழைத்தார் ஏற்றும் லாரி ஓட்டினார். அவருடைய தங்கை, அதாவது என் அத்தை, புருஷன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு திரும்பி வந்து எங்களோடு இருந்தாள். அவளை யாரும் ஒரு சொல் சுடச் சொன்னதில்லை. சாப்பாட்டிலும் குறை வைத்ததில்லை. ஆனால் இன்றைக்கு என்ன குழம்பு வைக்கலாம் என்றுகூட அவளை யாரும் கேட்டதில்லை.

அத்தைக்குக் கல் பட்டை தீட்டும் வேலை. தோட்டிலும் மூக்குத்தியிலும் வைப்பார்களே, அந்த வெள்ளைக் கல். கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு. அதைக் கையில் பிடித்துச் சாணையில் தேய்க்க முடியாது. ஒரு குச்சி நுனியில் அரக்கை இளக்கி, அதில் கல்லை ஒட்டவைக்க வேண்டும். அரக்கை இளக்க ஒரு சின்ன ஸ்பிரிட் விளக்கு. தீட்டி முடித்ததும் கல்லில் ஒட்டிய அரக்கைக் கரைக்க ஒரு கிண்ணம் ஸ்பிரிட். அரக்கு தண்ணீருக்கு மசியாது, ஸ்பிரிட்டுக்கு மசியும். வீட்டுக்குள் வைத்தால் தலை வலிக்கிறது என்று அத்தை வாசலில் உட்கார்ந்துதான் வேலை செய்வாள்.

ஆடி மாதம், கூழ் ஊற்றும் நாள். தெருவே மஞ்சளாக இருந்தது. கூழ் கொப்பரை இறங்குவதற்குள் நாலு குச்சியை முடித்துவிடலாம் என்று அத்தை உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் குந்தியிருந்தேன். உச்சி வெயில். விளக்கு நின்றுபோய்விட்டது என்று நினைத்து, கேனைச் சாய்த்து அதில் ஸ்பிரிட் ஊற்றினாள்.

விளக்கு நிற்கவில்லை. எரிந்துகொண்டுதான் இருந்தது. ஸ்பிரிட் தீ வெளிர் நீலம், வெயிலில் கண்ணுக்குத் தெரியாது.

குப்பென்று ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். புகை இல்லை, வெளிச்சம் இல்லை. சிந்திய ஸ்பிரிட் அத்தையின் புடவை மடிப்பில் இறங்கியிருந்தது. அவள் துள்ளி எழுந்தாள். காலை உதறினாள், தொடையில் அறைந்துகொண்டாள், கொண்டை அவிழ்ந்து முகத்தில் விழ, தெருவுக்கு ஓடினாள். நான் கண்ணால் பார்த்தேன்: புடவையின் ஓரம், ஒன்றுமே இல்லாத காற்றில், தானாகக் கருகிக்கொண்டே மேலே ஏறியது.

அந்த நேரம் பார்த்துப் பம்பை உடுக்கையோடு கரகம் எங்கள் வீட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. தலைவிரி கோலமாக ஒரு பெண் ஆடிக்கொண்டு வந்தால் எங்கள் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். குலவை எழுந்தது. பம்பைக்காரர் அடியை வேகப்படுத்தினார். பெண்கள் வழிவிட்டுக் கைகூப்பினார்கள். அத்தை எரிந்துகொண்டிருந்தாள், தெரு கும்பிட்டுக்கொண்டிருந்தது.

அப்பா வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு கரகத்துக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார். குடத்தை அப்படியே அத்தையின் மேல் கவிழ்த்தார். பிறகு, பிறந்ததிலிருந்து பெயர் சொல்லி அதட்டிய அந்தத் தங்கையின் முன்னால் குனிந்து கேட்டார்.

"தாயே, உனக்கு என்ன வேணும்? சொல்லு தாயே."

"தண்ணி ஊத்துண்ணே. இன்னும் ஊத்து. காலுல ஊத்து."

ஆத்தா குளிர்ச்சி கேட்கிறாள் என்று ஆளுக்கொரு குடம் கொண்டுவந்தார்கள். எதிர்வீட்டு அக்கா பக்தி முற்றி, தட்டில் கற்பூரம் கொளுத்தி எடுத்துக்கொண்டு அருகில் வந்தாள். அத்தை போட்ட சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"நெருப்பை அந்தாண்ட கொண்டு போடி!"

அக்கா தட்டோடு பின்வாங்கி, அடுத்த வருஷம் மாவிளக்கு போடுவதாக அங்கேயே வேண்டிக்கொண்டாள். நனைந்து சொட்டச் சொட்ட அத்தை வாசலுக்கு நடந்து வந்தாள். கேனின் வாயை அடைத்தாள். விளக்கின் மேல் அதன் மூடியைக் கவிழ்த்தாள். ஆத்தா தன் கையாலேயே விளக்கை அமர்த்தினாள் என்று அதற்கும் ஒரு குலவை விழுந்தது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பெட்ரோல் தண்ணீர்மேல் மிதந்துகொண்டே எரியும். ஸ்பிரிட் அப்படியில்லை, தண்ணீரோடு கலந்துவிடும். தண்ணீர் கூடக் கூட அதற்கு எரியும் பலம் போய்விடும். ஒரு சொம்பு போதாது, குடம் குடமாக வேண்டும். அத்தை கேட்டதும் அதுதான். மஞ்சளுக்கும் வேப்பிலைக்கும் அதில் பங்கில்லை. ஆனால் அன்று சாமி வந்தது என்று நினைக்காமல் இருந்திருந்தால் அத்தனை குடம் அவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சாயங்காலம் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு அத்தையின் காலுக்கு மருந்து போட்டாள். கணுக்காலிலிருந்து கெண்டைச்சதை வரை தோல் உரிந்திருந்தது. நான் மூலையில் படுத்திருந்தேன். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கஞ்சி கொட்டிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டார்கள். அம்மா அடக்க முடியாமல் சிரித்தாள்.

"ஆத்தா அவரை அண்ணேன்னு கூப்புட்டாளாம். தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு உங்கண்ணன். உண்மையைச் சொல்லிடவா?"

"வேணாம் அண்ணி. இருக்கட்டும்." பிறகு அத்தை சொன்னாள்: "இன்னிக்குத்தான் எங்கண்ணன் எனக்கு என்ன வேணும்னு கேட்டுச்சு."

அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு தெருப் பெண்கள் அத்தையிடம் வாக்குக் கேட்டு வந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் கல் வேலை செய்கிறவர்கள். முன்பெல்லாம் அத்தை எதைச் சொன்னாலும் உன் சோலியைப் பாரு என்று போகிறவர்கள். இப்போது கைகட்டி நின்றார்கள். வெளிச்சம் இல்லையென்று விளக்கு நின்றதாக நினைக்காதே, மூடிபோட்டு ஆறவிட்டுப் பிறகு ஊற்று, ஜன்னலைத் திறந்து வை, கேனை அடுப்பங்கரையில் வைக்காதே, பிள்ளைகள் குடித்துவிடாத இடத்தில் வை, சில ஸ்பிரிட் கண்ணையே பறித்துவிடும் என்றெல்லாம் அத்தை சொன்னாள். ஆத்தாவின் உத்தரவு என்று எல்லோரும் செய்தார்கள். அப்பாவும் மாறினார். லாரியிலிருந்து இறங்கியதும், உனக்கு ஏதாவது வேணுமாம்மா என்று அத்தையைக் கேட்பார். அவள் பெரும்பாலும் ஒன்றும் வேண்டாம் என்றுதான் சொல்வாள்.

அந்தத் தெருவிலேயே பெரிய பக்தன் நான்தான். நெருப்பே இல்லாமல் புடவை கருகியதைப் பார்த்தவன் நான் ஒருவன்தானே. மாரியம்மனுக்கு ஸ்பிரிட் வாடை ஆகாது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொன்னேன். அம்மா உண்மை என்றது எதை என்று நான் யோசிக்கவே இல்லை. அத்தை அன்று சாயங்காலம் சொன்னதை, அண்ணனைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். ஒரே வீட்டில் அத்தனை வருஷம் சாப்பிட்டுத் தூங்கிய ஒருத்தி, அந்த ஒரு கேள்விக்காக வெந்த காலை மறைத்துக்கொள்வாள் என்பது எனக்கு எட்டவில்லை.

பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தில்லை நகர் கடையில் வேலை பழகியபோது, ஒரு மத்தியானம் முதலாளி ஸ்பிரிட் தீ பகலில் தெரியாது என்று பேச்சுவாக்கில் சொன்னார். சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். நான் கடைக்குப் பின்னால் வெயிலில் ஒரு தகர மூடியில் துளி ஸ்பிரிட் விட்டு, பக்கத்தில் வாளித் தண்ணீரும் வைத்துக்கொண்டு, பற்றவைத்தேன். நீங்கள் இதைச் செய்யக்கூடாது, செய்தால் உதை விழும். மூடியில் எதுவும் தெரியவில்லை. கீழே கிடந்த ஒரு காய்ந்த வேப்பங்குச்சியை எடுத்து அதன் மேல் நீட்டினேன். வெறும் காற்றில் அதன் நுனி கறுத்தது.

வாளியைக் கவிழ்த்தேன். பிறகு வடக்கே, காவிரிக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கம் இருக்கும் திசையைப் பார்த்துக் கைகூப்பினேன். யாராவது பார்த்திருந்தால் பெருமாளைச் சேவிக்கிறான் என்று நினைத்திருப்பார்கள். அந்நேரம் அத்தை அங்கே வாசலில் உட்கார்ந்து கல் ஒட்டிக்கொண்டிருந்திருப்பாள்.