அப்பாவின் பெயரில் வந்த மின்னஞ்சல்

டோர்ட்மண்டில் என்னோடு சலவைக்கூடத்தில் வேலை செய்பவர் ஒரு நைஜீரியக்காரர். மின்னஞ்சல் மோசடிக்காரர்களைப் பற்றிய தன் நாட்டுக் கேலிப் பாட்டுகளை வேலைக்கு நடுவே போட்டு, வரிவரியாக ஜெர்மனில் விளக்குவார். ஒரு பாட்டில் மோசடிக்காரன் முன்பின் தெரியாத ஒருவனுக்கு எழுதுகிறான்: உன் குடும்பப் பெயர் கொண்ட பணக்காரர் இறந்துவிட்டார், வாரிசு நீதான். அவன் சந்தேகப்பட்டால், கடைசி மூச்சில் உன்னைத்தான் கேட்டார் என்று சொல்லிவிடுவானாம். அந்த வரிக்கு நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சில வாரங்களில் அப்படி ஒரு மின்னஞ்சல் எனக்கே வந்தது. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? இங்கே வந்த புதிதில் படிவத்தில் அந்த இடத்தில் அப்பாவின் பெயரைத்தான் எழுதினேன். அதனால் இறந்தவர் என்று அந்த மடையன் எழுதியிருந்தது என் அப்பாவை.

அப்பா போரின் கடைசி மாதங்களில் காணாமல் போனவர். அவர் இறந்துவிட்டார் என்று அதுவரை யாரும் எங்களுக்கு எழுதியதில்லை.

தங்கைக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

"அண்ணை, அது கள்ளர் அனுப்பினது. பதில் போடாதேங்கோ."

"எனக்குத் தெரியாதே? அழிச்சுப்போட்டன்," என்று எரிந்து விழுந்தேன்.

அழிக்கவில்லை. அவரை எங்கே புதைத்தீர்கள் என்று ஒரே வரி எழுதி அனுப்பினேன்.

மறுநாள் வேலையில் நிற்கும்போது பதில் வந்தது. கடைசி மூச்சில் என்னைத்தான் கேட்டாராம். பக்கத்தில் அதே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நைஜீரியக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார்.

என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்று திருப்பி எழுதினேன்.