மரியாதையாகத் தேடிய டீச்சர்

முதுநகரில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தபோது சனிக்கிழமைதோறும் ஒரு டீச்சர் வருவார். மீனவர் குப்பத்துப் பள்ளியில் ஒண்ணாம் வகுப்பு எடுப்பவர். முந்தானையால் கீபோர்டைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார். நன்றாக எழுதும் பிள்ளைகளின் நோட்டில் குத்த, அவருக்கு மீன் படம் போட்ட ரப்பர் ஸ்டாம்ப் வேண்டும். கடைகளில் கிடைப்பதெல்லாம் ஆப்பிளும் நட்சத்திரமும்தான்.

ஒருநாள் எட்டிப் பார்த்தேன். வெளிநாட்டு ஸ்டாம்ப் கேட்லாக்கின் தேடும் கட்டத்தில் ஆங்கிலத்தில் அடித்திருந்தார்: ‘மதிப்பிற்குரிய ஐயா, மீன் ஸ்டாம்ப் இருந்தால் தயவுசெய்து காட்டவும்.’ ஒன்றும் வரவில்லை.

“டீச்சர், ஃபிஷ்னு மட்டும் அடிங்க, போதும்.”

“மொட்டையாவா? நம்மள என்ன நெனைப்பாங்க தம்பி?”

நானே அடித்தேன். பக்கம் பக்கமாக மீன்கள் வந்தன. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“எல்லாம் பல்லக் காட்டிச் சிரிக்குது. சிரிக்கிற மீன எம்புள்ளைங்க எங்க பாத்துச்சுங்க? வஞ்சிரம் இல்லியா?”

இல்லை. எழுந்திருக்கும் முன் அதே கட்டத்தில், ‘சிரமத்துக்கு நன்றி ஐயா’ என்று அடித்துவிட்டுப் போனார்.

இன்றைக்கும் எதையாவது தேட மொட்டையாக ஒரு வார்த்தை அடிக்கும்போது என் விரல் கொஞ்சம் கூசுகிறது.