மடியாகக் காய்ச்சிய பிசின்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் எழுதப்போகும் மனிதர் இன்று உயிரோடு இல்லை, அவர் பக்கத்தை எடுத்துச் சொல்ல யாரும் வரப்போவதில்லை. முடிந்தவரை நியாயமாக எழுதப் பார்க்கிறேன். தவறுகிற இடத்தில் வாசிக்கிறவர்கள் என்னைத் திட்டிக்கொள்ளலாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் எங்கள் ஜாகை மயிலாப்பூரில், குளத்துக்கு மேற்கே இரண்டு தெரு தள்ளி இருந்தது. நானும் என் மனைவியும் மட்டும்தான். நான் ஹைகோர்ட் பக்கத்தில் ஓர் ஆபீசில் குமாஸ்தா. வாரம் ஆறு நாள் பேனா. ஏழாவது நாள் இழைப்புளி. ஞாயிற்றுக்கிழமையானால் சட்டையைக் கழற்றிப்போட்டுவிட்டுக் கொல்லைக் கொட்டகையில் மரத்தோடு மல்லுக்கு நிற்பேன். தெருவில் சிலர் என்னை 'பி.ஏ. படித்த தச்சர்' என்று கூப்பிட்டார்கள். எனக்கு அதில் உள்ளூரச் சந்தோஷம்தான்.

இந்தப் பைத்தியத்துக்கு எனக்கு ஒரு கூட்டாளி இருந்தார். அடுத்த தெருக்காரர், என் வயசு, வேறொரு ஆபீசில் படம் வரைகிற வேலை. மூக்குக்கண்ணாடி, நெற்றியில் விபூதி, வாயில் ஓயாத வெற்றிலை. சீமைக்குத் திரும்பும் துரைகளின் தட்டுமுட்டுச் சாமான்களை மவுண்ட் ரோடில் ஏலம் போடுவார்கள். கால் ஒடிந்த நாற்காலி, கதவு பெயர்ந்த பீரோ என்று யாரும் சீந்தாததை நாங்கள் இருவரும் பிடித்துவருவோம். பழைய பாலிஷைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டி எடுப்போம். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்போம். பிறகு ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்து, கிழிந்த பனியனைப் பந்தாகச் சுருட்டி, வட்டம் வட்டமாகப் பூசுவோம். பத்தாவது பூச்சில் மரத்தின் ரேகைகள் எழுந்து வரும்போது இரண்டு பேரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்போம். ஆபீசில் இத்தனை வருஷம் எழுதித் தள்ளியதில் அப்படி ஒரு நிமிஷம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆணி அடிப்பது எங்கள் இருவருக்கும் பிடிக்காது. ஒரு சட்டத்தின் துளையில் இன்னொன்றின் நாக்குப்போல் செதுக்கிய முனையைச் செருகிப் பிசின் போட்டு ஒட்டுவதுதான் எங்கள் முறை. அந்தப் பிசினை அவர்தான் வாங்கிவருவார். பழுப்பு நிறத்தில், கண்ணாடிபோல் கெட்டியான வில்லைகள். ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காலையில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துக் காய்ச்ச வேண்டும். கொல்லை முழுக்க ஒரு வாடை அடிக்கும். "என்ன ஓய் இது?" என்று முதல் நாளே கேட்டேன். "வடக்கேருந்து வர மரப்பிசின் ஓய். வாசனை அப்படித்தான். ஒட்டினா உசிரு போனாலும் விடாது" என்றார். நம்பினேன். அந்த வாடை எதனுடையது என்று கண்டுபிடிக்கிற மூக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது.

ஒரு மார்கழியில் என் மனைவி, சுவாமி படங்கள் வெறும் பலகையில் இருக்கின்றன, ஒரு மண்டபம் செய்து தரக் கூடாதா என்று கேட்டாள். அவள் என்னிடம் எதையும் கேட்கிறவள் அல்ல. புடவை வேண்டுமா என்றால்கூட இருக்கிறதே என்பாள். அடையாற்றில் ஒரு பழைய பங்களாவை இடித்தபோது வாங்கிவைத்திருந்த தேக்குச் சட்டங்கள் கொட்டகையில் கிடந்தன. நான்கு தூண், மேலே சின்ன விமானம், கீழே இழுப்பறை என்று நண்பர் அழகாகப் படம் போட்டுக் கொடுத்தார். ஐந்து ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அறுத்து இழைத்தோம்.

ஒட்ட வேண்டிய நாள் வந்தது. குமுட்டி அடுப்பைப் பற்றவைக்கப் போனேன். என் மனைவி தடுத்துவிட்டாள்.

"ஸ்வாமிக்குப் பண்றது. நீங்க பாட்டுக்கு இந்த வேஷ்டியோட காய்ச்சப்படாது. நான் ஸ்நானம் பண்ணிட்டு மடியா காய்ச்சித் தரேன்" என்றாள்.

தலைக்குக் குளித்து, கொடியில் தனியாக உலர்த்தியிருந்த மடிப்புடவையைக் கோலால் எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். எங்களை நாலடி தள்ளி நிற்கச் சொன்னாள். புது வெண்கலச் செம்பில் பிசினைப் போட்டு, வாய்க்குள் ஸ்லோகம் சொல்லிக்கொண்டே கிளறினாள். நண்பர் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொதிக்க விட்டுடாதீங்கோ மன்னி. கொதிச்சா பிடிப்பு போயிடும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

தை வெள்ளிக்கிழமை படங்களை மண்டபத்தில் ஏற்றினாள். அன்றிலிருந்து காலையும் மாலையும் அவளுக்கு அதுதான் உலகம். பார்க்க வந்த மாமிகளிடம், "எங்காத்துலயே பண்ணினது. பிசின்கூட மடியாக் காய்ச்சினோம்" என்று சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவாள். நானும் பின்னால் நின்று கேட்டுப் பூரித்துப்போவேன்.

ஆவணியில் நண்பர் மாம்பலத்தில் புது வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். புரட்டாசியில் கொலுப்படி ஒன்று பெயர்ந்துகொண்டது. பிசின் தீர்ந்திருந்தது. மிச்சமிருந்த ஒரு சில்லைக் கடைத்தெரு ஆசாரியிடம் காட்டினேன். பெரியமேட்டில் கிடைக்கும் என்றார். மகாளய அமாவாசைக்கு முதல் நாள், டிராமில் சென்ட்ரல் வரை போய், அங்கிருந்து நடந்தேன்.

பெரியமேடு தோல் மண்டிகள் நிறைந்த இடம். அந்தச் சந்தில் திரும்பியதுமே எங்கள் கொல்லை வாடை அடித்தது. முதலில் தென்பட்ட பிசின் கடைக்காரரிடம் சில்லை நீட்டி, இது எந்த மரத்துப் பிசின் என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "மரமா? இன்னா சாமி நீ! வஜ்ஜிரம் இது. மாட்டுத் தோலு, எலும்பு எல்லாம் போட்டுக் காய்ச்சறது. பின்னால வந்து பாரு, காய்ஞ்சிக்கினு கீது" என்றார். நான் அப்படியே நிற்பதைப் பார்த்து, "மயிலாப்பூரு ஐயரு ஒருத்தரு கண்ணாடி போட்டுக்கினு வருவாரே, அவுருக்கு நல்லாத் தெரியுமே! கொப்பரையாண்ட நின்னு வேடிக்கை பாத்துக்கினு இருப்பாரு" என்றார்.

பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறி நேராக மாம்பலத்தில் இறங்கினேன். நண்பர் கூடத்தில் ஒரு முக்காலிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"பெரியமேட்டுக்குப் போனீரா?" என்றார்.

"தெரிஞ்சே பண்ணினீரா?"

"தெரிஞ்சுதான். முதல் நாளே சொல்லியிருந்தா அன்னிக்கே உளியைப் போட்டுட்டு ஓடியிருப்பீர். எனக்கு வேற யார் இருக்கா ஓய், ஞாயித்துக்கிழமைல?" கையிலிருந்த துணிப்பந்தைக் கீழே வைத்தார். "மிருதங்கம் தோல்தானே? ஸ்வாமி சந்நிதியில வாசிக்கலையா?"

அது நியாயமான கேள்விதான். எனக்கு எரிந்தது தோலுக்காக அல்ல. ஈரத் தலையோடு ஸ்லோகம் சொல்லிக்கொண்டு ஒருத்தி கிளறுகிறாள். இவர் நாலடி தள்ளி நின்று, கொதிக்க விடாதீங்கோ என்கிறார். அப்போது ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு? நாற்காலிக்குப் பொய் சொல்லட்டும், பீரோவுக்குச் சொல்லட்டும். அன்றைக்குமா? வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அதன் பிறகு அவர் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. அவர் காலமானபோதும் போகவில்லை.

வீட்டுக்கு வந்தபோது என் மனைவி கொலு பொம்மைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளில் நவராத்திரி. இப்போது சொன்னால் எல்லாம் நின்றுபோகும், முடியட்டும் என்று நினைத்துக்கொண்டேன். படிக்குப் பிசின் கிடைக்கவில்லை என்று சொல்லி ஆணி அடித்துக் கொடுத்தேன். அவள் ஒன்பது நாளும் விடிவதற்கு முன் எழுந்து குளித்து, மண்டபத்துக்கு முன்னால் உட்கார்ந்து அர்ச்சனை செய்தாள். தினம் ஒரு சுண்டல், ஒரு பாயசம். தீபாராதனைக்கு மணி அடித்ததும் நான் போய்ப் பின்னால் நிற்பேன்.

விஜயதசமிக்கு மறுநாள், பொம்மைகளைப் பழந்துணியில் சுற்றிக்கொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நண்பரைத் துரோகி என்றேன், கூட இருந்தே குழி பறித்தவன் என்றேன். அவளும் என்னோடு சேர்ந்து அவரைச் சபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையிலிருந்த பொம்மையைச் சுற்றி முடித்துப் பெட்டியில் வைத்தாள்.

"இது உங்களுக்கு எப்போ தெரியும்?" என்றாள்.

"அமாவாசைக்கு முதல் நாள்."

அவள் கொட்டகை இருந்த கொல்லைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அவர் பண்ணினதை விடுங்கோ. அவர் எனக்கு யாரு? தெரியாமப் பண்ணினா பிராயச்சித்தம் உண்டு, பண்ணிக்கறேன்." குரல் உயரவே இல்லை. "நீங்க தெரிஞ்சுண்டு தினம் வந்து என் பின்னாடி நின்னேளே. நான் கற்பூரம் காட்டினா ஒத்திண்டேளே. ஒன்பது நாள். எப்படி முடிஞ்சுது உங்களால?"

அவளைப் போல நானும் கொல்லைப்பக்கம் பார்த்தேன். நவராத்திரி கெட்டுவிடும் என்று பயந்தேன் என்று ஏதோ சொன்னேன். எனக்கே அது நன்றாக இல்லை.

அன்று சாயங்காலமே படங்கள் பழைய பலகைக்குப் போயின. மண்டபத்தை எரிக்க வேண்டாம், கொட்டகையில் போடுங்கள் என்றாள். சண்டை போடவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. சமையல், பேச்சு எல்லாம் முன்போலவே நடந்தது. ஒன்று மட்டும் மாறியது. தயிர்க்காரி வந்தாளா, குழாயில் தண்ணீர் நின்றுவிட்டதா என்று எதைக் கேட்டாலும், நான் பதில் சொன்ன பிறகு ஒரு கணம் என் முகத்தைப் பார்ப்பாள். அதற்கு முன் பத்து வருஷத்தில் ஒரு நாளும் அவள் அப்படிப் பார்த்ததில்லை.