அனுப்புகிற கையையும் படம் பிடித்தவர்

போன செவ்வாய்க்கிழமை சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பஸ் கண்டக்டர் வந்து சொன்னார்: "படக்கடை ரங்கண்ணா செத்துப்போயிட்டாருங்க." "நேத்துக்கூட என்னைத் திட்டினாரே" என்றேன், அது சாவுக்கு எதிரான சாட்சி என்பதுபோல.

அரூர்க்காரர்களுக்கு ரங்கண்ணாவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. உங்களில் பாதிப் பேரின் கல்யாண முகத்தைப் படத்தில் பார்க்கும்படி செய்தவர். என் முகத்திடம் மட்டும் தோற்றார். "நீங்க கொஞ்சம் இருட்டுல நின்னா எடுப்பா வருவீங்க" என்பார்.

யுத்தம் வந்த பிறகு, பட்டாளத்துக்கும் கப்பலுக்கும் போகிறவர்கள் அவர் கடையில் படம் எடுத்துக்கொண்டுதான் கிளம்பினார்கள். யாரையும் தனியாக நிற்க விடமாட்டார். "போறவன் மூஞ்சி மட்டும் போதாது. அனுப்பற கையும் படத்துல வரணும்." சித்தேரி அடிவாரத்துக் குப்பம்மா, கப்பலில் சேர்ந்த மகன் மாதுவோடு வந்தபோது, வளர்ந்த பிள்ளையின் தோளைத் தொடக் கூச்சப்பட்டார். "வைங்கம்மா, சுடாது" என்று சொல்லி ரங்கண்ணா கையை வைக்கச் செய்தார்.

மாது கப்பலிலேயே குண்டடிபட்டு இறந்தான். கூட வேலை செய்தவர் ஒருவர், விடுமுறையில் தன் ஊருக்குப் போன இடத்திலிருந்து, இங்கிலீஷ் கடிதத்தோடு உள்ளங்கையளவு படம் ஒன்றை அனுப்பியிருந்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தட்டுத்தடுமாறிக் குப்பம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். கூட இருந்தவர்களே உடம்பைக் கித்தான் துணியில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். கால்மாட்டில் இரும்பு கட்டி, மேலே கொடி போர்த்தி, பலகையைச் சாய்த்துக் கடலில் இறக்கியிருக்கிறார்கள். படத்தில் இருந்தது அந்தச் சடங்குதான்.

மாதுவின் பெரியப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "பொணத்தத் தண்ணியில தள்ளிவுட்டுருக்கானுங்க. ஒடம்பே இல்லாம என்ன கருமாதி? பங்காளிங்க யாரும் வரமாட்டோம்." குப்பம்மா படத்தை எடுத்துக்கொண்டு நேராக ரங்கண்ணாவிடம் வந்தார். "எம்புள்ள அனாதையாப் போவலன்னு ஊருக்குத் தெரியணுங்க" என்றார்.

ரங்கண்ணா அந்தப் படத்தை முழங்கை நீளத்துக்குப் பெரிதாக்கி, தாயும் மகனுமாக எடுத்த பழைய வழியனுப்புப் படத்துக்குப் பக்கத்தில் கடை வாசலில் மாட்டினார், அதுவும் சந்தை நாளில். கூட்டம் கூடியது. பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கும் அதிகாரியும் வந்துவிட்டார்.

இங்கே என் வீரத்தைச் சொல்லியாக வேண்டும். அதிகாரியைப் பார்த்ததும் கடைக்குள் ஓடி, கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். மீதியெல்லாம் காதால் கேட்டது.

"எடுய்யா அந்தப் படத்தை. இதைப் பார்த்தா எவன் வந்து சேருவான்?"

"போற படத்த மாட்டினப்போ நல்லாருக்குதுன்னீங்க. போய்ச் சேந்த படம் மட்டும் ஆகாதுங்களா?"

"கடையைப் பூட்டிருவேன்."

"இந்தாங்க சாவி. படம் வெளியிலதான் இருக்குது."

அதிகாரி சாவியை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் என்னையும் உள்ளே வைத்துப் பூட்டியிருப்பார்.

துணியை விலக்கிப் பார்த்தபோது பெரியப்பா படத்தின் முன்னால் நின்றிருந்தார். "நல்லாப் பாருங்க மாமா" என்றார் குப்பம்மா. "எத்தன பேரு தொப்பியக் கழட்டிட்டுத் தல குனிஞ்சு நிக்கறாங்க. நீங்க தலத்துண்டோட நிக்கறீங்க." பெரியப்பா வெகுநேரம் பார்த்தார். பிறகு துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒகேனக்கல்லில் கருமாதி நடந்தது. காவிரி கடலுக்குத்தானே போகிறது என்று இடம் சொன்னவர் ரங்கண்ணா. பங்காளிகள் எல்லோரும் வந்தார்கள்.

போன புதன்கிழமை, சாவுச் சேதி வந்த மறுநாள், ரங்கண்ணாவின் உடலை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். கடைசிப் படம் எடுக்க ஊரில் வேறு ஆள் இல்லாததால் கேமராவுக்குப் பின்னால் என்னை நிறுத்தினார்கள். குப்பம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் தோளில் கை வைத்தார்.

"ஏம்மா, நீ யாரு? என்ன ஒறவு?" என்றார் உறவுக்காரர் ஒருவர்.

"அனுப்பற கைங்க" என்றார் குப்பம்மா. கையை எடுக்கவில்லை.

படம் கழுவி வந்துவிட்டது. ரங்கண்ணாவின் தலையில் கால்வாசியைக் காணோம். பார்த்திருந்தால் என்னைக் கொன்றிருப்பார். அந்தக் கை மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது.

கடையைக் காலி செய்கிறார்கள். கறுப்புத் துணியையும் வாசலில் இருந்த இரண்டு படங்களையும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். படங்கள் இனி என் வீட்டு வாசலில், தெருவைப் பார்த்து இருக்கும். அவற்றை அங்கிருந்து எடுக்கச் சொல்ல நினைப்பவர்கள் தாராளமாக வரலாம். துணி பெட்டிக்குள் இருக்கும். நான் வெளியே இருப்பேன்.