ஒரு விரற்கடை தூரத்தில் நின்ற குத்து

அலுவலகத்தில் அவளை எல்லோரும் 'பெல்ட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் சின்னவர்களுக்குப் பெல்ட்டக்கா. மின்சார அலுவலகத்தில் மீட்டர் கணக்கெடுக்கும் வேலை. தோளில் குறுக்காக ஒரு பை, ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் எண்ணைத் தட்டிப் பதிகிற சின்னக் கருவி. ஒரு நாளைக்கு நூற்றிருபது மீட்டர். நாய்களையும், பூட்டிய கேட்டுகளையும், "போன மாசம் எப்படி இவ்வளவு ஏறுச்சு?" என்று வழிமறிக்கிறவர்களையும் பதினோரு வருடமாகச் சமாளித்து வந்தவள்.

பட்டப்பெயருக்குக் காரணம் கராத்தே. இருபத்து நான்கு வயதில் ஒரு நாள் பேருந்தில் எவனோ கை வைத்தான். அவளுக்கு வாயே திறக்கவில்லை. இரண்டு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி வீட்டுக்கு நடந்தாள். அடுத்த வாரம் போய்க் கராத்தே வகுப்பில் சேர்ந்தாள். ஐந்தாறு வருடத்தில் எதற்காகச் சேர்ந்தோம் என்பது மறந்துபோய், அந்த அசைவுகளே பிடித்துப்போயின. கறுப்புப் பட்டை, மூன்று கோப்பை, ஒரு வெள்ளிப் பதக்கம். இப்போது வயது நாற்பது. வாரத்தில் மூன்று சாயங்காலம் வகுப்புக்குப் போனால்தான் அவளுக்கு உடம்பு உடம்பாக இருக்கும்.

"தம்பி, இவகிட்ட குரலை உசத்தாத. அப்புறம் உன் பல்லுக்கு நான் பொறுப்பில்ல" என்று அவள் கணவனிடம் சொல்லிச் சிரிப்பது நாத்தனாரின் வாடிக்கை.

அது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல் இரண்டரை மணிக்கு. நாலு மாடிக் கட்டடம், பதினாறு வீடு. மீட்டரெல்லாம் படிக்கட்டுக்குக் கீழே ஓர் அறையில் இருந்தன. அறை என்று சொல்வது மரியாதைக்குத்தான். இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு சுவரும் இடிக்கும். வாசலில் தகரம் அடித்த இரும்புக் கதவு. யாரோ தண்ணீர்க் குழாயைச் சரியாக மூடாததால் தரை ஈரம்.

ஒன்பதாவது மீட்டரைப் பதிந்துகொண்டிருந்தபோது வாசலில் ஒருவன் வந்து நின்றான். முப்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை.

"மேடம், ரெண்டாவது மாடி மீட்டர் எது?"

"வீட்டு நம்பர் சொல்லுங்க, பாத்துச் சொல்றேன்."

அவன் நம்பர் சொல்லவில்லை. இரண்டாவது மாடியில் குடியிருப்பவனுக்குத் தன் வீட்டு எண் தெரியாதா என்று அவள் அடிவயிற்றில் ஏதோ ஒன்று கேட்டது. உடனே வெளியே வந்திருக்கலாம். ஆனால் சட்டென்று விலகிப் போனால் அவர் தப்பாக நினைத்துக்கொள்வாரே என்ற கூச்சம் முந்திக்கொண்டது. அந்தக் கூச்சத்தை நினைத்துத்தான் பிற்பாடு அவள் தன்னைத் தானே அதிகம் திட்டிக்கொண்டாள். அப்போது மீட்டர் பக்கம் திரும்பி டார்ச்சை அடித்தாள்.

முதுகுக்குப் பின்னால் கதவு தரையை உரசிக்கொண்டு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.

"கதவைத் திறங்க" என்றாள். 'அடுத்தவங்க வாங்க' என்று அலுவலக ஜன்னலில் கூப்பிடுகிற மாதிரி இருந்தது அந்தக் குரல்.

"எதுக்கு அவசரம்? பேசிட்டுப் போலாம்."

உடம்பு தானாகத் தற்காப்பு நிலைக்குப் போயிற்று. இடது கால் முன்னே, வலது கால் பின்னே. பின்னே வைத்த குதிகால் சுவரில் இடித்தது. கை இரண்டிலும் சாமான். டார்ச்சைப் போடுவதா, கருவியைப் போடுவதா என்று ஒரு கணம் நிஜமாகவே யோசித்தாள். கருவி உடைந்தால் அலுவலகத்தில் பதில் சொல்லியாக வேண்டும். அவன் அவள் கால்களைப் பார்த்துவிட்டு "ஓ" என்றான். பயப்படவில்லை. வேடிக்கை பார்க்கிறவன் மாதிரி இருந்தான்.

வகுப்பில் எதிராளி வணங்குவான். நடுவர் கையைத் தூக்குவார். அதன் பிறகுதான் அடி வரும், அதுவும் எதிரிலிருந்து வரும். இவன் கையை ஓங்கவே இல்லை. அவள் மார்பில் குறுக்காகக் கிடந்த பை வாரைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினான். அவள் கழுத்தோடு முன்னால் போய் விழப் பார்த்தாள். டார்ச் உருண்டது, கருவியும் போயிற்று. விழாமல் சமாளித்துக்கொண்டே வலது கையால் குத்தினாள்.

நல்ல குத்து. இடுப்பு திரும்பி, தோள் திரும்பி, முழு வேகத்தோடு போன குத்து. அவன் மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் போய் நின்றுவிட்டது.

பதினாறு வருடப் பழக்கம். கூடப் பயிலுகிறவருக்கு அடி படக்கூடாது. முகத்துக்குக் குத்து போகலாம், முகத்தில் படக்கூடாது. எவ்வளவு கிட்டே கொண்டுபோய் நிறுத்துகிறாயோ அவ்வளவு மதிப்பெண். அந்த வெள்ளிப் பதக்கமே அப்படி நிறுத்தியதற்காகக் கிடைத்ததுதான். ஆயிரக்கணக்கான தடவை நிறுத்திய கை, இப்போதும் கேட்காமலேயே நின்றது.

அவனும் திகைத்தான். கண்ணை ஒரு தடவை கொட்டினான். அப்புறம் அறைந்தான். அவன் கை எங்கும் நிற்கவில்லை.

வலியைவிட அவளை உலுக்கியது வேறு. தன்னை நிஜமாகவே காயப்படுத்த நினைக்கிற ஒருவனிடம் அவள் அடி வாங்குவது அதுதான் முதல் தடவை. வாயெல்லாம் ரத்தம். காலைத் தூக்கினாள், முட்டி சுவரில் இடித்தது, ஊன்றிய கால் ஈரத்தில் வழுக்கியது. உட்கார்ந்த வாக்கில் விழுந்தாள். அவன் பை வாரைக் கழுத்தோடு முறுக்கி, இன்னொரு கையால் வாயைப் பொத்தினான்.

"சத்தம் போடாத" என்றான், குழந்தையைத் தூங்கவைக்கிற குரலில்.

மூச்சு திணறியது. கற்றுக்கொண்டது ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. கை மட்டும் சுவரைத் தடவியது. தடவிய இடத்தில் ஓர் இரும்புப் பெட்டி. கட்டடம் முழுவதற்குமான மெயின் சுவிட்ச். கணக்கெடுக்க வருகிறவர்கள் அதைத் தொடக்கூடாது என்பது விதி. பதினோரு வருடத்தில் அவள் ஒரு தடவையும் தொட்டதில்லை. மூடி திறந்துதான் கிடந்தது. கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி, கீழே இழுத்தாள்.

'டக்' என்றது. அவ்வளவுதான்.

அவனுக்கு என்னவென்று புரியவில்லை. ஆனால் மேலே நாலு மாடியிலும் மின்விசிறிகள் நின்றன. எங்கோ ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சி நின்றது. ஒரு துவைக்கும் இயந்திரம் முனகி அடங்கியது. அந்த அமைதியில் முதல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"உங்க வீட்லயும் இல்லையா?"

"எதிர் வீட்ல எரியுதே. நமக்கு மட்டும்தான் போயிருக்கு."

"கீழ போய் மெயினைப் பாருங்க."

படிகளில் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. வாயைப் பொத்திய கை லேசாகத் தளர்ந்தது. அவள் அந்தக் கையை, கிடைத்த இடத்தில், கிடைத்த மட்டும் கடித்தாள். கடியை எங்கும் நிறுத்தவில்லை. அவன் கையை உதறிய நொடியில் கத்தினாள்.

"மீட்டர் ரூம்ல இருக்கேன். வாங்க."

அவன் தாழ்ப்பாளை விலக்கி வெளியே போனான். ஓடவில்லை, நடந்தே போனான். எதிரே இறங்கி வந்த பெரியவரிடம், "கரண்ட்டுக்கு ஆள் வந்திருக்காங்க சார், உள்ள பாத்துட்டிருக்காங்க" என்று பணிவாகச் சொல்லிவிட்டு, கேட்டைத் திறந்து, திரும்ப மூடிவிட்டும் போனான். யாரும் அவனை நிறுத்தவில்லை.

அவளுக்கு அரை மணி நேரம் ஆன மாதிரி இருந்தது. கருவி கீழே விழுந்தும் உடையவில்லை. அதில் கடைசி மீட்டர் பதிவான நேரம் 2.37. மின்சாரம் போன நேரம் 2.39 என்று அந்த மீட்டர்களின் பதிவு சொன்னது. இரண்டே நிமிடம்.

உதட்டில் நாலு தையல். முன்பல் ஒன்று பாதியாக உடைந்திருந்தது. காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தி, "கராத்தேன்னு சொன்னீங்க. அப்புறம் எப்படி..." என்று இழுத்தார். அந்த வாக்கியத்தை அடுத்த ஒரு வாரத்தில் பலர் அவளிடம் இழுத்தார்கள், ஒருவரும் முடிக்கவில்லை. அலுவலகத்தில் பெல்ட்டு என்று கூப்பிடுவதைச் சட்டென்று விட்டுவிட்டு, நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நாத்தனார் நாலு நாள் ஒரு கேலிகூடப் பேசவில்லை. அடியைவிட அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

கணவன் எதையும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் அவளே சொன்னாள்.

"குத்தினேன். பட்டிருந்தா அவன் மூக்கு இருந்திருக்காது. நானேதான் நிறுத்தினேன்."

"நீ வீடு வந்து சேர்ந்துட்ட" என்றான் அவன். "எனக்கு மூக்கு கணக்கெல்லாம் வேண்டாம்."

மூன்று வாரம் கழித்து வேறொரு தெருவில் இன்னொரு பெண்ணிடம் மாட்டி, அக்கம்பக்கத்தார் கையில் சிக்கினான் அவன். அடையாளம் காட்டப் போனபோது அவன் உள்ளங்கையோரம் பல் பதிந்த காயம் ஆறாமல் இருந்தது. அவளால் ஒரு நிமிடத்துக்கு மேல் அந்த அறையில் நிற்க முடியவில்லை. வெளியே வந்து வாந்தி எடுத்தாள்.

தையல் பிரித்த பிறகு வகுப்புக்குப் போனாள். மாஸ்டருக்கு அவளைவிட மூன்று நாலு வயது கூடுதல். நல்ல மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பதட்டம்தான் காரணம். இன்னும் பயிற்சி வேணும்" என்றார்.

"பயிற்சி பண்ணதைத்தான் மாஸ்டர் பண்ணேன். அதான் நின்னுச்சு."

கூடத்தில் முப்பது பேர் வெள்ளை உடுப்பில் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் தன் பையைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

"இதைக் குறுக்கா மாட்டிக்கங்க. செருப்பு வைக்கிற ரூமுக்குள்ள வாங்க."

அவர் மறுத்திருக்கலாம், மறுக்கவில்லை. பையை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். அது இரண்டு பேர் தாராளமாக நிற்க முடியாத பொந்து, மூன்று பக்கமும் தட்டுகள். அவர் காலை ஊன்ற இடம் தேடிக்கொண்டிருந்தபோதே அவள் வாரைச் சுண்டி இழுத்தாள். அவர் தட்டோடு சாய்ந்தார். இருபது ஜோடி செருப்பு தலைமேல் விழுந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

மெதுவாக எழுந்தார். காது மடல் சிவந்திருந்தது.

"ஆரம்பிக்கலாம்னு நீ சொல்லலையே."

"அவனும் சொல்லல மாஸ்டர்."

அன்று வகுப்பு முடியும்வரை அவர் அவளிடம் பேசவில்லை. இரண்டு வகுப்புகள் அவள் பக்கம் திரும்பவும் இல்லை. மூன்றாவது நாள், கூடத்தைப் பூட்டிக்கொண்டே, "சனிக்கிழமை நாலு மணிக்கு இடம் சும்மாதான் இருக்கு. சாவியை வச்சுக்க" என்றார்.

முதல் சனிக்கிழமை அவளிடம் கற்றுக்கொள்ள ஐந்து பெண்கள் வந்தார்கள். வெள்ளை உடுப்பு கிடையாது. வேலைக்குப் போகிற உடை, செருப்பு, கையில் பை. முதல் அரை மணி நேரம் அடியே இல்லை, கத்தல் மட்டும்தான். அது இவ்வளவு கஷ்டமென்று அவளே எதிர்பார்க்கவில்லை. வங்கியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி வாயைத் திறந்தாள், இருமல்தான் வந்தது. மறுபடி திறந்தாள், "எக்ஸ்கியூஸ் மீ" வந்தது. எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்து, சிரிப்பு அழுகையாகிவிட்டது. அதற்கடுத்த அரை மணி நேரம் ஒரு பழைய மெத்தையைச் சுவரில் சாய்த்து, நிறுத்தாமல் குத்தினார்கள். எவனாவது பையைக் கேட்டால் தூக்கி எறிந்துவிட்டு ஓடுவது, ஆள் இருக்கிற பக்கம் ஓடுவது, சந்தேகம் வந்த உடனே, அடுத்தவர் என்ன நினைப்பாரோ என்று பார்க்காமல், விலகுவது. சனிக்கிழமை வகுப்பு இதுதான். மற்ற மூன்று சாயங்காலமும் அவள் பழைய கராத்தேக்கே போனாள். குத்தை ஒரு விரற்கடையில் நிறுத்தினாள். அது பிடித்திருந்தது, அதனால் போனாள்.

வேலைக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள். ஒரு கட்டடத்தில் கணக்கெடுத்து முடித்துத் தெருவில் நடந்தபோது பின்னால் ஒரு காலடி. அவள் வேகம் கூட்டினாள், அதுவும் கூடியது. தெருவைக் கடந்தாள், அதுவும் கடந்தது. பக்கத்திலிருந்த மருந்துக் கடைக்குள் நுழைந்து, திரும்பி நின்று, முழுக் குரலில் சொன்னாள்:

"இந்த ஆள் என் பின்னாடியே வர்றாரு. போலீஸுக்கு போன் பண்ணுங்க."

கடைக்காரர் மேசையைத் தாண்டி வெளியே வந்தார். இரண்டு பேர் அந்த மனிதரின் சட்டையைப் பிடித்தார்கள். ஐம்பது வயதுக்காரர், மூச்சு வாங்கியது. கையை உயர்த்தினார். அதில் அவளுடைய அடையாள அட்டை இருந்தது.

"கேட்டுகிட்ட விழுந்து கிடந்துச்சு" என்றார். "அதைக் குடுக்கலாம்னுதான் ஓடி வந்தேன்."

மன்னிப்புக் கேட்டாள். அவர் அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, கசங்கிய சட்டையோடு, யார் முகத்தையும் பார்க்காமல் போனார். மறுநாள் புகார் வந்தது. மேலதிகாரி கூப்பிட்டார்.

"இனிமே கத்துறதுக்கு முன்னாடி, என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேட்டுக்கங்கம்மா."

"முடியாது சார்" என்றாள். "அவர்கிட்ட எத்தனை தடவை வேணும்னாலும் மன்னிப்பு கேக்கறேன். இதை மட்டும் என்னால ஒத்துக்க முடியாது."

அவர் புகார்க் காகிதத்தின் அடியில் கையெழுத்துப் போட்டு இழுப்பறைக்குள் வைத்தார்.

அவள் மீட்டர் அறையில் தனக்கு நடந்ததைச் சொல்லி ஒரு கடிதம் எழுதி, அந்த மனிதரின் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தாள். பதில் வரவில்லை. அடுத்த மாதம் அதே கட்டடத்துக்குப் போனபோது அவர் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் இரண்டு படி மேலே ஏறி ஒதுங்கி நின்றார். அங்கிருந்தே கீழே ஒரு செங்கல்லைக் காட்டினார். மீட்டர் அறைக் கதவு மூடாமலிருக்க அது முட்டுக்கொடுத்து வைக்கப்பட்டிருந்தது.

"நகராது. நல்லா வச்சிருக்கேன்" என்றார்.

அவள் செங்கல்லைக் காலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், வாசலுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நின்று, முதல் மீட்டரைப் பதிந்தாள்.