ஸ்பிரிங்வேலில் அரசனின் குடிகள்

அந்தக் கடிதம் கோடு போட்ட பாடசாலைத் தாளில் வந்தது. இரண்டு பக்கமும் நீல மை. ஒவ்வொரு பந்தியின் ஓரத்திலும் சிவப்புப் பேனாவால் இலக்கம். காலம் முழுவதும் விடைத்தாள் திருத்தியவர்கள் தங்கள் சொந்த எழுத்தையும் அப்படித்தான் நடத்துவார்கள். மெல்பேர்ணில் முடிக்குரிய காணிகளை, அதாவது அரச நிலங்களை, பராமரிக்கும் திணைக்களத்தில் நான் இருபத்தேழு வருடங்கள் வேலை செய்தேன். என் மேசைக்கு வந்த கடிதங்களில் கெஞ்சியவை உண்டு, ஏசியவை உண்டு, வழக்குப் போடுவேன் என்று மிரட்டியவை ஏராளம். திணைக்களத்துக்கே சரித்திரம் படிப்பித்த கடிதம் அது ஒன்றுதான். “அரசனின் சொந்தக் காணியில் பயிர்செய்யும் குடிகளாகிய நாங்கள் பின்வருவதைத் தெரியப்படுத்துகிறோம்” என்று ஆங்கிலத்தில் தொடங்கியிருந்தது. என் மேலதிகாரி அதை வாசித்துவிட்டு, எழுதியவர் பைத்தியமா சட்டத்தரணியா என்று கேட்டார். இரண்டும் இல்லை, இளைப்பாறிய சரித்திர ஆசிரியை என்றேன். அவருடைய முகம் இன்னும் வாடியது.

நாங்கள் எல்லோரும் அவரை ரீச்சர் என்றுதான் சொல்வோம். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் மேல்வகுப்புக்கு இங்கிலாந்தின் அரசியலமைப்பு வரலாறு படிப்பித்தவர். அதே பாடத்தை நானும் வேறொரு கல்லூரியில் மனனம் செய்து சித்தியடைந்தவன். எங்கள் வீட்டுக் காணி எந்தச் சட்டத்தின்படி எங்களுக்கு வந்தது என்று தெரியாமல், நூற்றாண்டுகளுக்கு முன் ஆங்கிலேய மன்னனின் காட்டில் மான் பிடித்தவனுக்கு என்ன தண்டனை என்பதை மட்டும் ஒப்புவிக்கத் தெரிந்த தலைமுறை நாங்கள். நான் சோதனை முடிந்த மறுநாளே எல்லாவற்றையும் மறந்தேன். ரீச்சர் மறக்கவில்லை. போர் துரத்தி இங்கே வந்து, டண்டினொங்கில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிய காலத்திலும் மறக்கவில்லை. பெட்டி அடுக்கும்போது மனம் சும்மாதானே இருக்கும், ராசாக்களை வரிசைப்படுத்திக்கொண்டு நிற்பேன் என்பார்.

கடிதத்துக்குக் காரணமான காணி ஸ்பிரிங்வேலில் ரயில் பாதைக்குப் பின்னால் நீளமாகக் கிடந்தது. அதில் இருபத்தொன்பது தோட்டத் துண்டுகள். வியட்நாமியர், கம்போடியர், எங்கள் ஆட்கள் எனக் கலந்து பயிர்செய்தார்கள். பாகல், வல்லாரை, பசளி, கத்தரி எல்லாம் வேலிக்கு வேலி தாவி வளர்ந்தன. ஒவ்வொருவரிடமும் ஒரு பழைய அனுமதிப் பத்திரம் இருந்தது. அந்தப் பத்திரம் வருடாவருடம் தானாகவே நீளும். அது முடிய இரண்டே வழிகள்தான். பத்திரக்காரர் எழுத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும், அல்லது அமைச்சர் காரணம் காட்டி வர்த்தமானி என்ற அரச இதழில் வெளியிட்டு நீக்க வேண்டும். ரயில் நிலையத்துக்குக் கார் நிறுத்துமிடம் தேவைப்பட்டபோது, அமைச்சரிடம் போவதைவிடப் புதுப் படிவம் அடிப்பது சுலபம் என்று திணைக்களம் கண்டுகொண்டது. புதிய பத்திரத்தின்படி பதினான்கு நாள் அறிவித்தலில் யாரையும் வெளியேற்றலாம். கடைசிப் பக்கத்தின் அடியில், பழைய பத்திரத்தை விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு வரி பொடி எழுத்தில் இருந்தது. முன்பக்கத்தில் சிரிக்கிற கரட் கிழங்கு ஒன்றின் படம்.

எங்கள் ஆட்களைத் திணைக்களம் சரியாகவே எடைபோட்டிருந்தது. சோதனைச் சாவடி, முகாம், குடிவரவுக் கந்தோர் என்று தாண்டி வந்தவர்களுக்கு, அரச இலச்சினை போட்ட தாள் கண்டால் கை தானாகவே பேனாவைத் தேடும். முதலில் கையெழுத்து, பிறகுதான் கண்ணாடி. கையெழுத்து வைக்க மறுப்பது என்று ஒன்று இருப்பதாக அவர்களில் பலர் யோசித்ததே இல்லை.

ரீச்சர் யோசித்தார். யோசித்த விதம்தான் விசித்திரம். படையெடுத்து வந்து முடிசூடிய நோர்மன் மன்னன் நாட்டின் காணி முழுவதையும் கணக்கெடுத்து ஏட்டில் எழுதுவித்தான். படையெடுப்புக்கு முன்பே அரசனின் சொந்தமாக இருந்தவை என்று அந்த ஏடு காட்டிய ஊர்களுக்குப் பிற்காலத்தில் ஒரு தனிப் பாதுகாப்பு வந்து சேர்ந்தது. அங்கே குடியிருப்பவனிடம் பழைய வழக்கத்துக்கு மேல் ஒரு நாள் ஊழியம்கூடக் கேட்கக் கூடாது. காணி கைமாறிப் புதிய பிரபு வந்தாலும் பழைய வழக்கமே செல்லும். மீறினால் குடிகள் தனித்தனியாக அல்ல, ஊராகத் திரண்டு மன்னனின் நீதிமன்றத்தில் முறையிடலாம். சில ஊரார் அந்த ஏட்டிலிருந்து முத்திரையிட்ட பிரதி எடுத்து வந்து, பிரபுவின் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டு, வயலில் இறங்க மறுத்தார்கள். இவ்வளவையும் பதினொரு பந்திகளில் எழுதிய ரீச்சர், நாங்களும் அப்படிப்பட்ட குடிகளே, பழைய நிபந்தனைக்கு மேல் எதற்கும் உடன்பட மாட்டோம் என்று முடித்திருந்தார். சட்டப்படி இந்த வாதம் விக்ரோரிய மாநிலத்தில் ஒரு நிமிடமும் நிற்காது. எனக்கு அது தெரியும். அவருக்கும் தெரியும் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை காலை சமூக மண்டபத்தில் விளக்கக் கூட்டம் வைத்தார்கள். வியட்நாமிய மொழிபெயர்ப்பாளர் ஒரு பெண் வந்திருந்தார். தமிழுக்கு வெளியாள் பிடிக்காமல் என்னையே அனுப்பினார்கள். கையெழுத்து வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால், “உங்கள் அனுமதி பாதிக்கப்படக்கூடும்” என்று மட்டும் சொல்ல வேண்டும் என்பது எனக்கு இட்ட கட்டளை. அது பொய் இல்லை. நாளைக்கு வானம் இடிந்து விழக்கூடும் என்பதும் பொய் இல்லை. மேலதிகாரி என் பக்கத்தில் நின்றார். கரட் படம் போட்ட படிவங்கள் கதிரைகளில் முன்கூட்டியே வைக்கப்பட்டிருந்தன. நான் பேசி முடிக்குமுன்னரே முன்வரிசையில் நான்கைந்து பேர் பேனாவைத் திறந்துவிட்டார்கள். ரீச்சர் எழுந்தார். ஒல்லியான மனுஷி. தொழிற்சாலையில் கொடுத்த கறுத்த குளிர்ச்சட்டையைத்தான் அன்றும் போட்டிருந்தார்.

“தம்பி, ஒரு கேள்வி. கையெழுத்து வைக்காட்டி என்ன நடக்கும்?”

அந்த நேரத்தில் எனக்கு வீரம் வந்தது என்று எழுத ஆசைதான். வந்தது வேறொன்று. இருபது வருடமாக ஒரு விதியைச் சரியாகப் பயன்படுத்தி வந்தவனுக்கு, அதைப் பிழையாகச் சொல்ல நாக்கு வளையவில்லை. மேலதிகாரிக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியமும் இருந்தது.

“ஒண்டும் நடக்காது, ரீச்சர். பழைய பத்திரம் பழையபடி ஓடும். எடுக்கிறதெண்டா அமைச்சர் வர்த்தமானியிலை காரணம் போட்டுத்தான் எடுக்கலாம்.”

“வடிவாத் தெரியுமோ?”

“ஓம். அந்தப் பிரிவை இருபது வருசமா நான்தான் ரைப் அடிக்கிறன்.”

பின்வரிசையில் ஒருவர், “அப்ப என்னத்துக்கு ஐசே இந்தக் கரட்டு?” என்றார். சிரிப்பு எழுந்தது. மேலதிகாரியும் மரியாதைக்குச் சிரித்தார். ரீச்சர் சிரிக்கவில்லை. வியட்நாமியர் இருந்த மற்றப் பக்கம் திரும்பி, கடைசி வாங்கு வரை கேட்கும் வகுப்பறைக் குரலில், ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் அறிவித்தார்: கையெழுத்து வைக்காவிட்டால் எதுவும் நடக்காது என்று இந்த அதிகாரி இப்போது சொல்கிறார். வியட்நாமியப் பெண் அன்று மொழிபெயர்த்ததிலேயே வேகமாக மொழிபெயர்த்தது அந்த ஒரு வசனத்தைத்தான். பேனாக்கள் மூடப்பட்டன. ஏற்கெனவே கையெழுத்து வைத்துவிட்ட ஒருவர் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “நான் இன்னும் குடுக்கேல்லைத்தானே” என்றார். மேலதிகாரி என்னைப் பார்த்த பார்வையை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

வெளியே வந்ததும் ரீச்சரிடம், “என்ர வேலைக்கு உலை வைச்சிட்டியள்” என்றேன்.

“நீர் சொன்னதைத்தானே சொன்னனான். பொய் சொல்லியிருந்தா நான் ஏன் மொழிபெயர்க்கிறன்?”

இரண்டு கிழமையில் என்னைக் கட்டடத்தின் நிலவறையில் இருந்த பழைய பதிவேட்டு அறைக்கு மாற்றினார்கள். மாற்றக் கடிதம் அதை “அனுபவ விரிவாக்கம்” என்றது. தண்டனைக்கு இடம் தேர்ந்தெடுத்தவர்களுக்கு நடைமுறை தெரியவில்லை. முடிக்குரிய காணி பற்றி யாராவது உறுதிப்படுத்திய பிரதி கேட்டால், அந்த விண்ணப்பம் வந்து சேரும் மேசை அதுதான். ரீச்சரின் விண்ணப்பம் மூன்றாம் நாளே வந்தது. படிவம் குற்றம் சொல்ல இடமில்லாமல் நிரப்பப்பட்டிருந்தது. தோல் அட்டை போட்ட பதிவேட்டில் தேடியபோது, அந்தக் காணி முழுவதும் சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்களின் பயிர்ச்செய்கைக்கென்று ஒதுக்கப்பட்டதும், அந்த ஒதுக்கீடு ஒருபோதும் நீக்கப்படாததும் தெரிந்தது. திணைக்களத்தில் யாரும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கவில்லை. விதிப்படி ஒரு முத்திரை போதும். நான் எல்லாப் பக்கங்களிலும் குத்தினேன்.

சட்டைப்பைக்குள் போன ஒன்றைத் தவிர, மற்ற இருபத்தெட்டு வெற்றுப் படிவங்களும் முத்திரையிட்ட பிரதியும் ஒரே உறையில் திணைக்களத்துக்குத் திரும்பிப் போயின. சில மாதங்களின் பின், திட்டம் மறுபரிசீலனையில் இருப்பதாக ஒரு கடிதம் வந்தது. எங்கள் திணைக்களப் பாஷையில் அதன் அர்த்தம், தோற்றுவிட்டோம், ஆனால் சொல்ல மாட்டோம் என்பது.

அதற்குப் பிறகு ஒருநாள் தோட்டத்துக்குப் போனேன். ரீச்சர் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். எனக்குள் ஒரு கேள்வி கிடந்தது. அதிகாரிப் புத்தி, ஓட்டை கண்டால் விரல் விடாமல் இருக்காது.

“ரீச்சர், உங்கட ஏட்டிலை கேள்வி, படையெடுப்புக்கு முதல் நாள் காணி ஆரின்ரை எண்டதுதானே. இஞ்சை அண்டைக்கு ராசா இல்லை. காணி இந்த மண்ணின்ரை ஆதிக்குடிகளின்ரை. அவை ஒருத்தருக்கும் குடுக்கவுமில்லை.”

அவர் கத்தியை நிறுத்தவில்லை.

“அது தெரிஞ்சுதான் எழுதினனான். ராசா தன்ரை காணி எண்டு சொன்னா, அவன்ரை சட்டத்தாலையே அவனை மறிக்கலாம். அவ்வளவுதான். எங்கடை காணி எண்டு நான் எங்கையாவது எழுதினனானோ? காணிக்காரர் வந்து கேக்கட்டும், இந்தக் கத்தரியைப் புடுங்கிப் பையிலை போட்டுக்கொண்டு இண்டைக்கே போவன். கார் நிப்பாட்ட எண்டு கேட்டா அசையமாட்டன்.”

பிறகு ஒரு பை நிறையக் கத்தரிக்காயை என் கையில் திணித்தார். அரச ஊழியர் அன்பளிப்பு வாங்கக் கூடாது என்ற பிரிவு எனக்குத் தெரியும். வாங்கினேன்.

ரீச்சர் காலமாகி இரண்டு குளிர்காலம் போய்விட்டது. காத்திருப்போர் பட்டியலில் ஒழுங்காகப் பதிந்து, முறை வந்தபோது அவருடைய துண்டை நான் எடுத்தேன். பழைய நிபந்தனையின்படிதான். போன மாதம் எல்லோருக்கும் மீண்டும் ஒரு புதுப் பத்திரம் வந்தது. இப்போது தாள் இல்லை, தொலைபேசித் திரையில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். கரட்டும் இப்போது கையசைக்கிறது. அடிவரி மட்டும் மாறவில்லை. நேற்றுக் காலை திணைக்களத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். இந்தியத் தமிழ். இப்போதும் தமிழ் தெரிந்த ஆளைத்தான் பிடித்து இந்த வேலைக்கு விடுகிறார்கள்.

“அங்கிள், நீங்க இங்கேயே வேலை பார்த்தவர்னு சொன்னாங்க. இன்னும் கன்ஃபர்ம் பண்ணலையே?”

“மற்ற ஆக்கள் எத்தினை பேர் பண்ணினவை, பிள்ளை?”

அவள் விசைப்பலகையைத் தட்டிப் பார்த்தாள்.

“யாருமே பண்ணலை அங்கிள். அதான் உங்ககிட்ட கேக்கறேன். ப்ரொசீஜர் எல்லாம் உங்களுக்கே நல்லாத் தெரியுமே.”

“ஓம்,” என்றேன். “அதாலைதான் பண்ணேல்லை.”