இன்னொரு சுற்று

கிடார்க்காரனுக்கு மணிக்கட்டு வலித்தால் என்ன பாடு என்று ஃபராஸைத்தான் கேட்க வேண்டும். தேனாம்பேட்டை டாக்டர் இடது கையில் பட்டையைச் சுற்றி, ஒரு வாரம் கிடார் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். மெல்லிசைக் குழுவில் சேர்ந்த நாள் முதலாய்க் கல்யாண வரவேற்பு என்றால் மேடை ஏறிவிடுகிற ஆள். சாயங்காலமானால் வீட்டில் என்ன செய்வதென்றே அவனுக்குத் தெரியவில்லை.

மனைவி ஜஹனாராவுக்கு இதில் கொஞ்சம் திருப்திதான். அவளுடைய அண்ணன் தௌசீஃபுக்குப் பாண்டி பஜாரில் விளக்குக் கடை. நம்பிக்கையான ஆள் வேண்டும், மாப்பிள்ளை வந்து கல்லாவில் உட்கார்ந்தால் போதும் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டுச் சாப்பிட வருகிறேன், அன்றைக்கு முடிவு சொல்லிவிடுங்கள் என்று இப்போது நாளும் குறித்துவிட்டார். ஜஹனாரா எப்போதோ கடைக்குச் சம்மதித்துவிட்டாள். சில வரவேற்புகளுக்கு அவளும் போயிருக்கிறாள். பாடுகிறவர்கள் முன்னால் ஜொலிப்பார்கள். அவள் கணவரோ கீபோர்டுக்கும் தபேலாவுக்கும் நடுவில், பந்திக்கு ஓடுகிறவர்கள் யாரும் திரும்பிப் பார்க்காத இடத்தில் நிற்பார். இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று அவள் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்காததும் அவன் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

சும்மா இருக்க முடியாமல் செல்போனை டிவியோடு இணைத்து, உலகத்துக் கிடார்க்காரர்களையெல்லாம் வீட்டுக்கு வரவழைத்துவிட்டான். ஸ்பெயின்காரர் ஒருவர் பலகையில் நகத்தாலேயே தாளம் போட்டார். அமெரிக்கப் பெரியவர் ஒருவர் ஒரே தந்தியை இழுத்து இழுத்து அழ வைத்தார். டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் ஃபராஸ் பார்த்துக்கொண்டிருந்தான். எப்போதும் அடுத்தவர் குரலுக்கே காதைக் கொடுத்துப் பழகியவன், தனக்கென்று உட்கார்ந்து கேட்கிறான். நான் கொடுத்து வைத்தவன் என்று வாய்விட்டே சொன்னான். கூடவே, இவர்கள் முன்னால் நான் எந்த மூலை என்ற நினைப்பும் வந்தது. வியாழக்கிழமை மத்தியானம், பேசாமல் கடைக்கே போய்விடலாம் என்று ஏறக்குறைய முடிவும் செய்துவிட்டான்.

அன்று சாயங்காலம் டிவியில் போட்ட கச்சேரியில் பெரிய கிடார் வித்வான் ஒருவர் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். ஃபராஸ் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்து மனைவியைக் கூப்பிட்டான்.

வெங்காயம் நறுக்கிய கையோடு வந்தவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் திரும்பப் போட்டுக் காட்டினான். வித்வான் ஒரு கணம் வாசிப்பில் இடத்தைத் தவறவிட்டுத் தடுமாறுகிறார். அவருக்குப் பின்னால், வெளிச்சம் படாத இடத்தில் துணைக்கு வாசிக்கிற இன்னொரு கிடார்க்காரர், அடுத்த பகுதிக்குப் போகாமல் பழையதையே இன்னொரு சுற்று வாசிக்கிறார். அதற்குள் வித்வான் பிடித்துக்கொள்கிறார். கைதட்டல் எல்லாம் வித்வானுக்கு. வீடியோவுக்குக் கீழே பாராட்டி எழுதியவர்களில் ஒருவர்கூட இதைக் கவனிக்கவில்லை.

இன்னொரு தரம் பார்த்ததும்தான் ஜஹனாராவுக்குப் பிடிபட்டது. "பின்னாடி இருக்கிறவரு இல்லன்னா மானம் போயிருக்கும்ல?" என்றாள். பிறகு கணவன் முகத்தைப் பார்த்தாள். "நீங்களும் இதைத்தான் செய்யறீங்களா?"

ஃபராஸ் தலையாட்டினான். பாடுகிறவருக்குச் சரணம் மறந்துவிட்டால், அவர் மூச்சு இழுப்பதை வைத்தே அவனுக்குத் தெரிந்துவிடும். ஞாபகம் வரும்வரை சுற்றிச் சுற்றி வாசித்துக் காத்திருப்பான்.

இத்தனை வருஷமாக என்னிடம் ஏன் சொல்லவில்லை, யார் யாருக்குச் செய்தீர்கள் என்று அவள் துருவினாள்.

"அதைச் சொல்லக் கூடாதும்மா. மேடையில சறுக்கினது மேடையோட போயிடணும். வீட்டுலகூட பேச மாட்டோம்."

குழுக்காரர்களுக்குள் அப்படி ஒரு கட்டுப்பாடு. அதைக் காப்பாற்றப் போய்த் தன் பெருமையையும் சேர்த்து மூடி வைத்துவிட்டான் மனுஷன். ஜஹனாரா மிச்ச வெங்காயத்தை நறுக்க அடுப்படிக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை பிரியாணிக்கு நடுவில் தௌசீஃப் பேச்சை எடுத்தார். ஃபராஸ் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"கடைக்கு வேற ஆள் பாருங்கண்ணே. இவரு பின்னாடி நிக்கிற தைரியத்துலதான் முன்னாடி நிக்கிறவங்க பாடறாங்க."

ஃபராஸுக்குக் கண் கலங்கிவிட்டது. அல்லாஹ்வுக்கும், அந்த இருட்டில் வாசித்த பெயர் தெரியாத ஆளுக்கும் மனதுக்குள் நன்றி சொன்னான். தௌசீஃப் மட்டும் நம்பாமல் சிரித்தார். இவரை நம்பி அப்படி யார் பாடுகிறார்கள், ஒரு பெயர் சொல் பார்ப்போம் என்று தங்கையைச் சீண்டினார்.

ஜஹனாரா அவர் தட்டில் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தாள்.

"அதெல்லாம் நாங்க வெளியில சொல்றதில்லைண்ணே."